குறைந்த எண்ணும் குறையாத ஆபத்தும்: மாதவிடாய் நின்ற பெண்களின் கொழுப்பும் ஹார்மோன் சிகிச்சையும்

திருவண்ணாமலை நகரை ஒட்டி, வேலூர் சாலையில் இருக்கிறது வேங்கிக்கால். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கேதான். மனுவோடும் உதவித்தொகைக் கோரிக்கையோடும் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வருகிறவர்களில் ஐம்பதைத் தாண்டிய பெண்களும் உண்டு. அந்த வயதில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு வரும் பெண்ணுக்குக் கிடைக்கும் சீட்டில் நான்கு வரிகள் முக்கியமானவை: மொத்தக் கொலஸ்ட்ரால், எல்.டி.எல்., எச்.டி.எல்., ட்ரைகிளிசரைடு. வருடக்கணக்கில் 180ஐத் தாண்டாத மொத்தக் கொலஸ்ட்ரால் 220க்கு ஏறியிருந்தால், “நான் எண்ணெயைக் கூட்டவே இல்லையே!” என்றுதான் அவர் சொல்வார். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். மாற்றம் உடம்புக்குள்ளேயே நடந்திருக்கிறது.

சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், ரத்தத்தில் மிதக்கும் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். துகள்களைக் கல்லீரல் பிடித்து இழுத்துக்கொள்ள உதவுகிறது. அது வற்றும்போது துகள்கள் ரத்தத்திலேயே தங்கிவிடுகின்றன. அமெரிக்காவில் 1,054 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ‘ஸ்வான்’ ஆய்வு 2009இல் இதைத் தெளிவாகக் காட்டியது. கடைசி மாதவிடாயை ஒட்டிய ஓராண்டுக்குள் கொலஸ்ட்ராலும் எல்.டி.எல்.லும் சட்டென்று ஏறின. எந்த இனத்துப் பெண்ணுக்கும் இதில் விலக்கில்லை.

அப்படியானால், வற்றிய ஹார்மோனை மாத்திரையாகக் கொடுத்தால் கொழுப்பு இறங்கி இதயமும் பிழைக்காதா? மருத்துவ உலகம் அறுபது ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி இது.

நம்பிக்கை வளர்ந்த காலம்

கருவுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரையான ‘பிரிமரின்’ 1942இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. உடல் அனலாகக் கொதிப்பது, இரவில் வியர்த்து விழிப்பது போன்ற தொல்லைகளுக்குத்தான் முதலில் அதைக் கொடுத்தார்கள். இதயத்தோடு அதை இணைக்கும் எண்ணம் பிறகு வலுத்தது. எடின்பரோவைச் சேர்ந்த ஆலிவரும் பாய்டும் 1959இல் இரு சினைப்பைகளும் அகற்றப்பட்ட பெண்களை ஆராய்ந்தார்கள். அவர்களிடம் கொழுப்பும் இதயத் தமனி நோயும் கூடியிருந்தன. ஈஸ்ட்ரோஜன்தான் பெண்ணின் இதயத்துக்குக் காவல் என்ற கருத்து இதனால் உறுதிப்பட்டது.

1966இல் ராபர்ட் வில்சன் எழுதிய ‘ஃபெமினைன் ஃபாரெவர்’ என்ற நூல், மாதவிடாய் நிற்பதையே ஒரு குறைபாட்டு நோயாகச் சித்தரித்தது. மாத்திரை விற்பனை பெருகியது. முதல் அடி 1975இல் விழுந்தது. ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்துக்கொண்ட பெண்களுக்குக் கருப்பையின் உள்சவ்வில் புற்றுநோய் கூடுவதை இரு ஆய்வுகள் வெளிப்படுத்தின. அதன் பிறகு, கருப்பை இருக்கும் பெண்களுக்கு புரோஜெஸ்டோஜன் என்ற இன்னொரு ஹார்மோனையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கமானது.

இதயம் பற்றிய கணக்கு மட்டும் தீரவில்லை. 1985இல் ஒரே மருத்துவ இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஹார்மோன் எடுக்கும் பெண்களுக்கு இதயநோய் குறைகிறது என்றது, அமெரிக்கச் செவிலியர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு. கூடுகிறது என்றது, ஃபிரேமிங்காம் நகரவாசிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு. இரண்டிலும் மாத்திரை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்தவர்கள் பெண்களும் அவர்களுடைய மருத்துவர்களுமே. ஆரோக்கியமும் வசதியும் உள்ளவர்களே மாத்திரையை அதிகம் நாடினார்கள் என்றால், பலன் மாத்திரையால் வந்ததா, வாழ்க்கை வசதியால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது.

சோதனைகள் சொன்ன பதில்

குலுக்கல் முறையில் பெண்களைப் பிரித்து நடத்திய சோதனைகள் 1990களில்தான் பெரிய அளவில் வந்தன. 1995இல் வெளியான ‘பெப்பி’ சோதனையில் 875 பெண்கள் பங்கேற்றார்கள். ஹார்மோன் எடுத்தவர்களுக்கு எல்.டி.எல். இறங்கியது, எச்.டி.எல். ஏறியது. கூடவே ட்ரைகிளிசரைடும் ஏறியது.

1998இல் வந்த ‘ஹெர்ஸ்’ சோதனை எல்லோரையும் திகைக்க வைத்தது. ஏற்கெனவே இதயநோய் உள்ள 2,763 பெண்களை நான்கு ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட ஹார்மோன் எடுத்தவர்களின் எல்.டி.எல். 11 விழுக்காடு குறைவாகவும், எச்.டி.எல். 10 விழுக்காடு அதிகமாகவும் இருந்தன. சீட்டைப் பார்த்தால் வெற்றிதான். ஆனால் மாரடைப்பும் இதயநோய்ச் சாவும் மொத்தத்தில் குறையவில்லை. முதல் ஆண்டில் ஹார்மோன் பக்கம்தான் பாதிப்பு கூடுதல்.

2002 ஜூலையில் அமெரிக்கப் பெண்கள் நல முன்னெடுப்பு தன் முடிவை அறிவித்தது. கருப்பை உள்ள 16,608 பெண்கள் பங்கேற்ற கூட்டு ஹார்மோன் சோதனை, சராசரியாக 5.2 ஆண்டுகளில் பாதியில் நிறுத்தப்பட்டது. 10,000 பெண்கள் ஓராண்டு இந்த மாத்திரையை எடுத்தால் இதய நோய் 7 பேருக்கும், பக்கவாதம் 8 பேருக்கும், நுரையீரலில் ரத்தக்கட்டு 8 பேருக்கும், மார்பகப் புற்றுநோய் 8 பேருக்கும் கூடுதலாக வந்தது. இடுப்பு எலும்பு முறிவு 5 பேருக்குக் குறைந்தது. உலகம் முழுவதும் பெண்கள் பலர் மாத்திரையைக் கைவிட்டார்கள்.

எண் இறங்கியும் ஆபத்து ஏன் இறங்கவில்லை? வாய்வழி போகும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலை அடைகிறது. அங்கே எல்.டி.எல்.லைக் குறைக்கிறது. அதே நேரத்தில் ட்ரைகிளிசரைடையும், ரத்தம் உறைவதற்கான புரதங்களையும் தூண்டிவிடுகிறது. தமனியில் ஏற்கெனவே கொழுப்புத் திட்டு படிந்தவருக்கு இது ஆபத்து. 2002இல் நிறுத்தப்பட்ட சோதனையில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள், அறுபது வயதுக்கு முன் தொடங்குபவர்களின் நிலை வேறு என்பதைப் பின்னர் வந்த அலசல்கள் உணர்த்தின. 643 பெண்கள் பங்கேற்ற ‘எலைட்’ சோதனை 2016இல் இதற்கு வலு சேர்த்தது. மாதவிடாய் நின்று ஆறு ஆண்டுக்குள் தொடங்கியவர்களுக்குக் கழுத்துத் தமனிச் சுவர் தடிப்பது மெதுவானது. பத்தாண்டு கழித்துத் தொடங்கியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

நம் ஊர்ச் சீட்டு

தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் நடந்த ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு 2014இல் ஒரு படத்தைத் தந்தது. நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறைவாக இருந்தவர்கள் 72.3 விழுக்காடு. ட்ரைகிளிசரைடு கூடியவர்கள் 29.5 விழுக்காடு. மொத்தக் கொலஸ்ட்ரால் கூடியவர்கள் 13.9 விழுக்காடு மட்டுமே. ட்ரைகிளிசரைடு ஏற்கெனவே ஏறி நிற்கும் பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை அதை இன்னும் ஏற்றிவிடக்கூடும். தோலில் ஒட்டும் ஹார்மோன் பட்டை கல்லீரலை நேரடியாகச் சீண்டாததால் அந்தச் சிக்கல் குறைவு.

கொழுப்பைக் குறைப்பதற்காகவோ மாரடைப்பைத் தடுப்பதற்காகவோ ஹார்மோன் கொடுப்பதை இன்றைய வழிகாட்டுதல்கள் ஏற்பதில்லை. அந்த வேலைக்கு ஸ்டாட்டின் என்ற கொழுப்புக் குறைப்பு மருந்து இருக்கிறது. தட்டில் சோற்றைக் குறைத்துப் பயறையும் காயையும் கூட்டுவது இருக்கிறது. நடை இருக்கிறது. பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிற கால்களுக்கு, மற்ற நாட்களிலும் அரைமணி நடை வேண்டும். உடல் கொதிப்பும் தூக்கமின்மையும் வாட்டும் ஐம்பது வயதுப் பெண்ணுக்கு ஹார்மோன் நல்ல மருந்து. மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டோ வந்ததில்லை என்று உறுதி செய்துகொண்டு மருத்துவர் அதைத் தரலாம்.

இந்த வரலாற்றில் பேசப்படாமல் போனவர்கள் இளம் வயதிலேயே ‘கர்ப்பப்பை ஆபரேஷன்’ செய்துகொண்ட பெண்கள். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுக்குள் உள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு மூவர் கருப்பையை இழந்திருக்கிறார்கள். தேவையற்ற அறுவைகளைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கருப்பையை மட்டும் எடுத்திருந்தால் தீட்டு நிற்கும், ஆனால் ஹார்மோன் உடனே நிற்பதில்லை. இரு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்திருந்தால் முப்பத்தைந்து வயதுப் பெண்ணும் ஒரே நாளில் ஈஸ்ட்ரோஜனை இழக்கிறார். ஆலிவரும் பாய்டும் 1959இல் கண்டது இவர்களைத்தான். இயற்கையாக மாதவிடாய் நிற்கும் வயது வரையாவது இவர்களுக்கு ஹார்மோன் தர வேண்டும், தடை ஏதும் இல்லாதவரை, என்பதே வழிகாட்டுதல்களின் பரிந்துரை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். வாசலில் நின்று பேசும் அந்தச் சில நிமிடங்களில் இன்னொரு கேள்விக்கும் இடமிருக்கிறது: “ஆபரேஷன்ல கர்ப்பப்பை மட்டும் எடுத்தாங்களாக்கா, சினைப்பையும் சேர்த்தா?” தெரியாது என்று பதில் வந்தால், டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்திருக்கும் பழைய டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டச் சொல்லலாம். அதில் அது எழுதியிருக்கும்.