ஆறு மாதமும் ஐந்து வெள்ளியும்

பினாங்கின் டத்தோ கிராமாட் அடுக்குமாடி ஒன்றில் குடியிருக்கும் ஒருவர், பத்து வயதான பெரோடுவா மைவி காரை ஒரு கார் வியாபாரியிடமிருந்து 24,000 வெள்ளிக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாடாங் பிரவுன் பக்கம் சமதரையில் ஓட்டும்வரை குறை தெரியாது. மூன்றாம் வாரம் பாயா தெருபோங் ஏற்றத்தில் ஏறும்போது கியர் இழுக்காமல் இன்ஜின் மட்டும் அலறுகிறது. பட்டறைக்குப் போகிறார். எண்ணெய் மாற்றித் தருகிறார்கள். பத்து நாளில் மறுபடியும் அதே கோளாறு, கூடவே டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கும் எரிகிறது. வியாபாரியைக் கேட்டால், "செகண்ட் ஹேண்ட் காடின்னா அப்படித்தாண்ணே இருக்கும்" என்கிறார்.

இதே ஆள் சிங்கப்பூரில் தோ பாயோவில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒப்பிட்டுப் பார்க்க வேறு நாடுகளும் இருக்கின்றன. ஆனால் பினாங்கும் சிங்கப்பூரும் 1826-லிருந்து நீரிணைக் குடியேற்றங்களாக ஒரே ஆட்சியின் கீழ் இருந்தவை. பொருள் விற்பனையில் இரண்டுமே இங்கிலாந்தின் சட்டத்தைப் பின்பற்றின. மலேசியாவின் சொந்தப் பொருள் விற்பனைச் சட்டம் 1957-ல் வந்தபோதும், பினாங்கிலும் மலாக்காவிலும் 1990 வரை இங்கிலாந்துச் சட்டமே நடப்பில் இருந்தது. ஒரே வேரிலிருந்து கிளைத்த இரண்டு ஊர்கள் பழுதான காரை எப்படி நடத்துகின்றன என்பதைப் பார்த்தால், எது சட்டத்தின் பலம், எது வெறும் எழுத்து என்பது விளங்கும்.

முதலில் மலேசியா. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பலர் நினைப்பதைவிட வலுவானது. அதன் 32-ஆம் பிரிவின்படி, வியாபாரி விற்கும் பொருள் ஏற்றுக்கொள்ளத்தக்க தரத்தில் இருந்தாக வேண்டும். பழைய பொருளுக்கும் இது பொருந்தும். அதற்காகப் பத்து வயதுக் காரிடம் புதுக் காரின் தரத்தை யாரும் எதிர்பார்க்க முடியாது. விலை, வயது, விற்கும்போது சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும். மறைந்திருந்த குறை முழுவதும் தெரிந்திருந்தால் நியாயமான ஒருவர் இந்தக் காரை இந்த விலைக்கு வாங்கியிருப்பாரா? இந்தக் கேள்விதான் அளவுகோல். வாங்கியிருக்க மாட்டார் என்றால் காரைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். சரிசெய்யக்கூடிய குறை என்றால் முதலில் வியாபாரிக்கு வாய்ப்புத் தர வேண்டும். அவர் நியாயமான காலத்துக்குள் சரிசெய்யாவிட்டால் வேறு பட்டறையில் சரிசெய்து செலவை அவரிடம் கேட்கலாம், அல்லது காரையே நிராகரிக்கலாம்.

விற்பனைச் சீட்டின் அடியில் சின்ன எழுத்தில், 'உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது, உத்தரவாதம் இல்லை' என்று ஒரு வரி இருக்கும். பலர் அதைப் பார்த்ததும் வாயடைத்துப் போகிறார்கள். பயப்படத் தேவையில்லை. இந்தச் சட்டம் தரும் உரிமையை எந்த ஒப்பந்தத்தாலும் விலக்க முடியாது என்று 6-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. மீண்டும் மீண்டும் கோளாறு தந்த ஒரு மெர்சிடீஸ் பென்ஸ் தொடர்பாகப் புஞ்சாக் நியாகா நிறுவனம் என்.இசட். வீல்ஸ் மீது தொடுத்த வழக்கில், வாங்கியவர் காரை நிராகரிக்கலாம் என்று 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது புதுக் கார், வாங்கியதும் ஒரு நிறுவனம். ஆனால் அங்கே பேசிய சட்டம் நம் மைவிக்கும் அதேதான்.

இனி சிங்கப்பூர். 2012 செப்டம்பர் 1-ஆம் தேதி அங்கே, பழுதான பொருளை வாங்கியவருக்குப் பரிகாரம் தரும் 'லெமன் சட்டம்' நடப்புக்கு வந்தது. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம் 1982-லேயே இப்படி ஒரு சட்டம் இயற்றியது, ஆனால் அது புதுக் கார்களைக் குறிவைத்தது. சிங்கப்பூர் ஐரோப்பிய வழியைப் பின்பற்றிப் பழைய கார்களையும் சேர்த்துக்கொண்டது. பழுது பார்த்தல், மாற்றித் தருதல், விலையைக் குறைத்தல், பணத்தைத் திருப்பித் தருதல் என்ற பரிகாரங்கள் மலேசியச் சட்டத்திலிருந்து வெகுதூரம் விலகியவை அல்ல. வித்தியாசம் ஒரே ஒரு விதியில் இருக்கிறது. பொருளை ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், விற்கும்போதே அந்தக் குறை இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் வியாபாரி. வழக்கமான தேய்மானத்துக்கும், வாங்கும்போதே சொல்லப்பட்ட குறைக்கும் இது பொருந்தாது.

இந்த ஒரு விதி எவ்வளவு பெரியது என்பதைக் கியர் பாக்ஸைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் புரியும். ஆட்டோ கியர் எண்ணெய் கறுத்துத் தீய்ந்த வாடை அடிக்கிறது. உள்ளே கிளட்ச் தகடுகள் எரிந்திருக்கலாம். அவை எப்போது எரிந்தன? முந்தைய உரிமையாளரின் காலத்திலா, இந்த மூன்று வாரத்திலா? கியர் பாக்ஸை இறக்கிப் பிரித்தால்தான் ஓரளவு சொல்ல முடியும். இறக்கிப் பிரிக்கக் கூலி உண்டு. எழுத்தில் அறிக்கை தர எல்லாப் பட்டறைக்காரரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பிரித்துவிட்டால், "நீயே கழற்றிக் கெடுத்துவிட்டாய்" என்று வியாபாரி சொல்லவும் இடமிருக்கிறது. மலேசியாவில் இந்தச் சுமை முழுக்க வாங்கியவர் தலையில் விழுகிறது. சிங்கப்பூரில் முதல் ஆறு மாதம் வியாபாரி தலையில் விழுகிறது. பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லொப் 1970-ல் பழைய கார்ச் சந்தையை வைத்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரமும் இதுதான்: விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது. தெரிந்தவரே நிரூபிக்கட்டும் என்று சிங்கப்பூர் முடிவு செய்தது. அது நியாயமான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

மலேசியாவில் பெயர் மாற்றத்துக்கு முன் காரைப் புஸ்பாகோம் என்ற வாகனச் சோதனை நிறுவனத்தில் சோதிக்கிறார்களே, அது போதாதா என்று சிலர் கேட்பார்கள். அந்த பி5 சோதனை முக்கியமாக இன்ஜின் எண், சேசிஸ் எண் முதலியவற்றைப் பார்த்து, கார் பத்திரத்தில் உள்ள கார்தானா என்று உறுதி செய்வதற்கானது. கியர் பாக்ஸின் ஆயுளுக்கு அது சான்றிதழ் அல்ல. 'புஸ்பாகோம் பாஸ்' என்று விற்பவர் சொல்வதை உத்தரவாதம் என்று எடுத்துக்கொண்டு ஏமாறக் கூடாது.

இதுவரை பார்த்தால் சிங்கப்பூரே மேல் என்று தோன்றும். ஆனால் வழக்கைக் கொண்டுபோகும் இடத்துக்கு வந்தால் நிலைமை தலைகீழாகிறது. மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் கோரிக்கை பதியக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வரக்கூடாது, இந்த விதி வியாபாரிக்கும்தான். கோரிக்கையின் உச்சவரம்பு 2019 திருத்தத்தில் 25,000 வெள்ளியிலிருந்து 50,000 வெள்ளியாக உயர்ந்தது. அதாவது நம் மைவியின் முழு விலையையும் இங்கேயே கேட்கலாம். சிங்கப்பூரின் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்திலும் வழக்கறிஞருக்கு இடமில்லை. ஆனால் வரம்பு 20,000 சிங்கப்பூர் வெள்ளி, இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000. வாகன உரிமைச் சான்றிதழின் விலையும் சேர்ந்து கார் விலை வானத்தைத் தொடும் ஊர் அது. பழுதுச் செலவையோ விலைக் குறைப்பையோ அங்கே கேட்கலாம். முழுப் பணமும் வேண்டும் என்றால் பெரும்பாலும் மேல் நீதிமன்றங்களுக்குப் போய், வழக்கறிஞருக்கும் செலவு செய்ய வேண்டிவரும்.

தீர்ப்பு வந்த பிறகும் மலேசியா ஒரு படி மேலே நிற்கிறது. நடுவர் மன்றத்தின் ஆணையை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். அபராதமோ, இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சிங்கப்பூரில் தோற்ற வியாபாரி பணம் தராவிட்டால், ஜப்தி போன்ற நடவடிக்கைகளை வென்றவரே தன் செலவில் தொடங்க வேண்டும். கடை பெயரை மாற்றிக்கொண்டு மறையும் வியாபாரிகள் இருக்கும் தொழிலில் இது சின்ன விஷயம் அல்ல.

மலேசியப் பயனீட்டாளருக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. தவணைக் கடனில் வாங்கினால் சட்டப்படி காரின் உரிமையாளர் வங்கி. 1967-ஆம் ஆண்டின் தவணை வாங்கல் சட்டத்தில், பழைய பொருள் என்று குறிப்பிட்டு, தரம் பற்றிய உத்தரவாதம் இல்லை என்பதை வாங்குபவர் எழுத்தில் ஏற்றுக்கொண்டால், அந்தச் சட்டம் தரும் உத்தரவாதத்தை விலக்கிவிடலாம். கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டும் காகிதக் கட்டில் அதுவும் ஒன்றாக இருக்கும். 1999 சட்டத்தின் கதவை அது மூடாது. ஆனால் கார் பட்டறையில் கிடக்கிறது என்பதற்காகத் தவணையை நிறுத்தினால் வேறு ஆபத்து: அடுத்தடுத்து இரண்டு தவணை தவறினால், 21 நாள் அறிவிப்புக் கொடுத்து வங்கி காரை இழுத்துக்கொண்டு போகலாம். வியாபாரியோடு சண்டை போடும்போதும் வங்கிக்குத் தவணை கட்டியே ஆக வேண்டும். கோபத்தில் தவணையை நிறுத்தி, காரும் போய்க் கடனும் மிஞ்சி நிற்பவர்களின் நிலைதான் மிகக் கொடியது.

என் கோரிக்கை பெரிதல்ல. மலேசியாவுக்குப் புதிதாக ஒரு மன்றமோ பெரிய சட்டமோ தேவையில்லை. இருக்கும் நடுவர் மன்றத்தில் சிங்கப்பூரின் ஆறு மாத விதியை மட்டும் சேர்த்தால் போதும். லெமன் சட்டம் வேண்டும் என்ற பேச்சு மலேசியாவில் பல ஆண்டுகளாக நடக்கிறது. அந்தப் பேச்சு புதுக் கார்களோடு நின்றுவிடக் கூடாது. புதுக் கார் வாங்குபவருக்குத் தயாரிப்பாளரின் உத்தரவாதமாவது இருக்கிறது. டத்தோ கிராமாட்டில் பத்து வயதுக் கார் வாங்குபவருக்கு அதுவும் இல்லை. 1969-ல் தொடங்கி, எஸ்.எம். முகமது இத்ரிஸ் 2019-ல் மறையும்வரை தலைமையேற்று நடத்திய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இருக்கும் ஊர் இது. தமிழிலேயே போய் முறையிட முடிகிற இடம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, ஆறு மாத விதிக்கான குரலும் இங்கிருந்தே வலுவாக எழ வேண்டும்.

அந்த விதி வரும்வரை, ஆதாரத்தைத் தேடிச் சேர்ப்பது வாங்கியவரின் வேலை. கார் கைக்கு வந்த அன்றே மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள். வியாபாரி வாட்ஸ்அப்பில் சொன்ன எதையும் அழிக்காதீர்கள். முதல் கோளாறிலேயே பட்டறைச் சீட்டில் தேதியும், கிலோமீட்டரும், என்ன குறை என்பதும் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சோடு விடாமல் வியாபாரிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நடுவர் மன்றத்துக்குப் போக மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் காரை நிராகரிக்கும் உரிமையை நியாயமான காலத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது போய்விடும் என்று 1999 சட்டத்தின் 43-ஆம் பிரிவு சொல்கிறது. கோளாறோடு ஓராண்டு ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்க வந்தால் நடுவர் கேள்வி கேட்பார்.

இரண்டு சட்டமும் கைவிடும் ஒருவர் உண்டு: முகநூலில் விளம்பரம் பார்த்து, வியாபாரி அல்லாத தனியாளிடம் கார் வாங்கியவர். பயனீட்டாளர் சட்டம் தொழிலாக விற்பவரையே பிடிக்கும். தனியாள் பொய் சொல்லி விற்றார் என்று நிரூபிக்க முடிந்தால், மலேசியாவில் 1950-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி சாதாரண நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆயிரம் வெள்ளி மலிவாகக் கிடைக்கிறதே என்று தனியாளிடம் வாங்க நினைப்பவர், பணத்தைக் கொடுப்பதற்கு முன் தமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு போய், காரை ஒரு ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கட்டும்.