டிராக்டர் கியர்க் கோளாறுகள்

பழைய உழவு டிராக்டர்களில் கியர் மாற்றுங்கால் நேரும் உபத்திரவங்களை ஆராய்வதற்கு மாஸி பெர்குசன் 35 தக்க உதாரணமாகும். 1960-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற டாஃபே நிறுவனம் அதன் வழிவந்த யந்திரங்களைச் செய்து வந்தமையால், நம் வயல்களுக்கும் அது அந்நியமன்று. மூன்று முன்வேகமும் ஒரு பின்வேகமும் கொண்ட கியர்பாக்ஸோடு ‘ஹை’, ‘லோ’ என்னும் இருநிலைப் பகுதி சேர்வதால் முன்னோக்கி ஆறும் பின்னோக்கி இரண்டுமாக வேகங்கள் அமைகின்றன. மோட்டார்க் காரில் உள்ளதுபோல் சுழற்சியைச் சமப்படுத்தும் சாதனம் இதில் இல்லை. பற்சக்கரமே தண்டின்மீது நகர்ந்து மற்றொன்றின் பற்களோடு பொருந்தவேண்டும். ஆதலால், ஓடும் வண்டியில் கியர் போட்டுவிட்டுக் கரகரவென்னும் சத்தத்தைக் கேட்பவர் யந்திரத்தை நிந்திப்பது நியாயமாகாது.

வண்டியை நிறுத்தி, கிளட்சை நன்றாக மிதித்துச் சற்றுப் பொறுத்த பின்னரும் அச்சத்தம் எழுமாயின், எஞ்சினை அணைத்துவிட்டுக் கியரைப் போட்டுப் பார்த்தல் வேண்டும். அப்போது இலகுவாக விழுமானால், குற்றம் பெரும்பாலும் கியர்பாக்ஸில் இல்லை, கிளட்ச் முற்றும் விடுபடாமையே காரணம். பெடலின் வெற்றசைவு அதிகமாயிருத்தல், பெடல் தண்டு தேய்ந்திருத்தல், மழைக்காலம் முழுதும் கொட்டகையில் கிடந்த வண்டியில் கிளட்ச் தட்டு ஃப்ளைவீலோடு துருவால் ஒட்டிக்கொள்ளுதல் ஆகியவை இதற்கு ஹேதுக்கள். இரட்டைக் கிளட்ச் அமைந்த வண்டிகளில் பெடலைப் பாதி மிதித்தால் சக்கரங்களுக்குச் செல்லும் சக்தியும், முழுதும் மிதித்தால் கருவிகளை இயக்கும் பி.டி.ஓ. தண்டுக்குச் செல்வதும் நிற்குமாதலின், கையேடு விதித்த வெற்றசைவின் அளவைக் கண்மதிப்பால் மாற்றுவது விபரீதமாகும்.

போட்ட கியர் தானே நழுவுவது வேறு வியாதி: கியரை அதன் நிலையில் நிறுத்தும் சுருள்வில் தளர்ந்தோ, பற்சக்கரத்தை நகர்த்தும் ஃபோர்க் தேய்ந்தோ, பல்முனை மழுங்கியோ இருக்கும். லிவரைச் சணல் கயிற்றால் இழுத்துக் கட்டி ஓட்டும் சாமர்த்தியசாலிகளும் உண்டு; தேய்மானம் அதனால் பெருகுமேயன்றிக் குறையாது. லிவரின் நுனி தன் பள்ளத்தை விட்டு வெளியேறி, இரண்டு கியர்கள் ஒருங்கே விழுந்து வண்டி அசையாமற் போனால், எஞ்சினை அணைத்து, மேல்மூடியைக் கழற்றி, தண்டுகளின் பள்ளங்களை நியூட்ரலில் நேர்ப்படுத்தினால் போதும். ஆனால் கியர்பாக்ஸின் எண்ணெயையே ஹைட்ராலிக் பம்பும் பயன்படுத்துவதால், மூடியைச் சுற்றிலுமுள்ள புழுதியைத் துடைக்காமல் திறத்தலாகாது.

இவ்வண்டிக்குத் தனியே சட்டகம் கிடையாது. எஞ்சினும் கியர்பாக்ஸுமே முதுகெலும்பாதலால், கிளட்ச் தட்டை மாற்ற வண்டியையே இரண்டாகப் பிரிக்க நேரும். ஆகவே வெளிச் சீரமைப்புகளையெல்லாம் முதலில் முயன்று பார்ப்பதும், பிரிக்கவே நேர்ந்துவிட்டால் தட்டோடு ரிலீஸ் பேரிங்கையும் அப்போதே புதுப்பித்துவிடுவதும் தேர்ந்த மெக்கானிக்குகளின் வழக்கம்.