சாட்சியம் சிகிச்சையான வரலாறு

வாய்விட்டுச் சொன்னால் மனப்பாரம் குறையும் என்பதை நம்மவரில் மறுப்பவர் இல்லை. ஆனால் பேச்சு ஒரு சிகிச்சையா, அது பலன் தருகிறது என்பதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டால் நம்மிடையே பெரும்பாலும் இரண்டு பதில்களே கிடைக்கின்றன. உளவியல் என்பது அரசியற் துன்பத்தைத் தனிமனித நோயாகச் சுருக்கும் மேற்குலகச் சரக்கு என்பது ஒன்று. அது வைத்தியர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய விடயம் என்பது மற்றையது. இவ்விரண்டும் வரலாற்றைப் பாராத பதில்கள் என்பதே எனது எண்ணம்.

'பேச்சு வைத்தியம்' என்ற பெயரை இட்டவர் வைத்தியர் அல்ல, நோயாளி. வியன்னாவைச் சேர்ந்த பேர்த்தா பப்பன்ஹைம் என்ற இளம்பெண், நோயின் உச்சத்தில் தாய்மொழியான ஜேர்மனை இழந்து ஆங்கிலத்தில் மட்டும் பேசிய நாட்களில் அப்பெயரைச் சொன்னார். அவருக்கு வைத்தியம் பார்த்த யோசெப் புரோயரும் சிக்மண்ட் பிராய்டும் 1895இல் வெளியிட்ட நூலில் அவர் குணமடைந்தவராகவே காட்டப்பட்டார். உண்மை வேறு. 1882 யூலையில், வைத்தியம் முடிந்ததாகச் சொல்லப்பட்ட கையோடு, அவர் சுவிற்சர்லாந்தின் க்ரொய்ஸ்லிங்கன் நகரிலிருந்த மனநலவிடுதியில் சேர்க்கப்பட்டார் என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் ஆவணங்களுடன் நிறுவினர். பேச்சு வைத்தியத்தின் முதல் 'வெற்றி' அன்றைக்கு வெற்றியாக இருக்கவில்லை. பப்பன்ஹைம் பின்னாளில் மீண்டெழுந்து, 1904இல் ஜேர்மனியில் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவினார் என்பது தனிக்கதை.

1896இல் லைற்னர் விற்மர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உளவியற் சிகிச்சை நிலையம் ஒன்றைத் தொடங்கியதோடு மருத்துவ உளவியல் ஒரு தொழிலாகப் பிறந்தது. ஆயினும் 'பலன் உண்டா?' என்ற கேள்வியை உரத்துக் கேட்டவர் ஓர் அகதி. பேர்லினிற் பிறந்து, நாசிகளை வெறுத்து 1934இல் நாட்டை விட்டு வெளியேறிய ஹான்ஸ் ஐசங், 1952இல் லண்டனிலிருந்து ஒரு கட்டுரை எழுதினார். நரம்புத்தளர்ச்சி நோயாளரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் உளச்சிகிச்சை எதுவும் இன்றியே இரண்டு ஆண்டுகளுக்குள் தேறிவிடுகின்றனர். அவ்வாறாயின் சிகிச்சை என்ன செய்தது என்பது அவரது வாதம். அவரது கணக்கில் ஓட்டைகள் இருந்தன. அவரே இணைந்து எழுதிய வேறு பல ஆய்வுகளை நம்பத்தகாதவை என 2019இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி அறிவித்தது. எனினும் அக்கேள்வி நிலைத்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு இல்லாமல் 'குணமாகிவிட்டது' என்று எவரும் சொல்லிவிட முடியாத நிலை உருவாயிற்று.

ஆரன் பெக்கின் அறிகைச் சிகிச்சை அந்தக் கேள்விக்கு முகங்கொடுத்து வளர்ந்தது. 'நான் எதற்கும் உதவாதவன்' என்று நம்புபவரிடம் அப்படியில்லை என்று ஆறுதல் சொல்வது அதன் வழி அல்ல. அந்த நம்பிக்கையை அவரே தனது அன்றாட வாழ்வில் சோதித்துப் பார்க்கச் செய்வதே அதன் வழி. 1977இல் அது மனச்சோர்வுக்கான மருந்தொன்றுடன் நேருக்கு நேர் ஒப்பிடப்பட்டது. சோதனையின் முடிவு பேச்சுக்குச் சாதகமாகவே அமைந்தது.

இங்கிருந்து சிலிக்குச் செல்வோம். 1973 இராணுவச் சதிக்குப் பின், திருச்சபை சார்ந்த மனித உரிமை அமைப்புகளின் நிழலிற் பணியாற்றிய உளவியலாளர்கள் சித்திரவதையிலிருந்து மீண்டவர்களின் வாக்குமூலங்களை ஒலிப்பதிவு செய்தனர். பின்னர் அவர்களோடு அமர்ந்தே அவற்றைத் திருத்தி ஆவணமாக்கினர். சர்வாதிகாரத்துக்கு எதிரான சாட்சியத்துக்காகத் தொடங்கிய வேலை சொன்னவர்களுக்கு ஆறுதலாகவும் அமைந்ததை அவர்கள் கண்டனர். 1983இல் இருவர் அதை எழுதி வெளியிட்டபோது பாதுகாப்புக்காகப் புனைபெயர்களையே பயன்படுத்தினர். அரசியலைத் தனிமனித நோயாகச் சுருக்கும் சரக்கு என்று இந்த முறையைச் சொல்ல முடியுமா?

இதே முறையை ஜேர்மனியின் கொன்ஸ்ரான்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்தைச் சிகிச்சையோடு இணைத்தனர். (பப்பன்ஹைம் சேர்க்கப்பட்ட க்ரொய்ஸ்லிங்கனை ஒட்டிக் கிடப்பது கொன்ஸ்ரான்ஸ்.) நிலத்தில் ஒரு கயிற்றை விரித்து, வாழ்வின் நல்ல நிகழ்வுகளுக்குப் பூவும் கொடியவற்றுக்குக் கல்லும் வைக்க வேண்டும். பின்னர் பிறப்பிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கல்லாக, ஒழுங்கு தவறாமல், உடல் அன்று உணர்ந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேட்பவர் எழுதுகிறார்; அடுத்த அமர்வில் வாசித்துக் காட்டித் திருத்துகிறார். முடிவில் அந்த ஆவணம் சொன்னவருக்கே சொந்தமாகிறது. உகண்டாவின் இம்வெப்பி முகாமில் 43 சூடான் அகதிகளிடம் செய்த பரீட்சையின் முடிவு 2004இல் வெளியாயிற்று. ஓராண்டின் பின் மனவடு நோய் எஞ்சியிருந்தோர் இம்முறையில் 29 வீதம். வழமையான ஆதரவுப் பேச்சில் 79 வீதம். பேசினார்களா என்பதைவிட எப்படிப் பேசினார்கள் என்பதே முக்கியம்.

2004 டிசம்பர் சுனாமிக்குச் சில வாரங்களின் பின், நமது வடகிழக்கிலும் 31 சிறுவர்களிடம் இது சோதிக்கப்பட்டது. போரையும் அறிந்திருந்த பிள்ளைகள் அவர்கள். சிகிச்சை செய்தவர்கள் பயிற்றப்பட்ட உள்ளூர் உளவளத்துணையாளர்கள். ஆறு மாதங்களின் பின் தேறியவர்கள் கதை சொன்ன குழுவில் 81 வீதம், தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்ற குழுவில் 71 வீதம். பிள்ளைகளின் தொகை சிறியது. இவ்வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க முடியாது. புதிய முறை பழைய தியானத்தை வென்றது என்று எழுதாமல், இரண்டும் பயன்பட்டன என்று எழுதியதிற்தான் இந்த ஆய்வின் நேர்மை இருக்கிறது.

அகதி விசாரணை மேசையில் நாமும் கதை சொன்னவர்கள்தான். அங்கே ஒரு திகதி மாறினால் பொய்யராவோம். சொன்ன கதை கோப்பினுள் போய்விடும், திரும்பி நம் கைக்கு வராது. அந்தப் பேச்சு பலரை மேலும் நோகச் செய்ததே அன்றி ஆற்றவில்லை. ஒழுங்கு, நம்பிக் கேட்கும் ஒருவர், கதை சொன்னவருக்கே உரியதாதல், பலனை அளந்து பார்த்தல் ஆகிய இந்த நான்கும் இல்லாத பேச்சைச் சிகிச்சை என்று கொள்ள முடியாது.

ஓர் எல்லையையும் சொல்லியாக வேண்டும். கல்லை வைப்பதற்கு நிகழ்வு முடிந்திருக்க வேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் தாய் எந்தக் கல்லை எங்கே வைப்பாள்? அவளுக்கு முதலில் வேண்டியது பதில். அதைத் தரவேண்டியது உளவியலாளர் அல்ல. ஆனால் இதைச் சாட்டாக வைத்து, இரவிற் தூங்க முடியாத ஏனையோருக்கு உள்ள வழியையும் நாம் அடைத்துவிடக் கூடாது. நமது சங்கங்கள் கலைவிழாக்களுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கையாவது, நம் மொழியிற் கேட்கப் பயின்ற சிலரை உருவாக்கச் செலவிட முடியாதா? இதழில் விவாதிக்க இதுவும் ஒரு விடயமே.