மாச்சோ: ஒரு சொல்லும் மூன்று தலைமுறையும்

மெக்சிகோ ஆண் என்றால் பெரிய மீசை, இடுப்பில் துப்பாக்கி, வீட்டில் அடி உதை. அமெரிக்கப் படங்கள் நமக்குக் காட்டிய ஆள் இவர்தான். இந்தக் குணத்துக்கு 'மாச்சிஸ்மோ' என்று பெயரும் வைத்தாகிவிட்டது. அது அவர்கள் பண்பாடு, அப்பனிடமிருந்து மகனுக்கு ரத்தத்தில் இறங்குகிறது என்பார்கள். சேரியைப் பற்றியும் 'அவங்க அப்படித்தான்' என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்த நமக்கு இந்த இடத்தில் கொஞ்சமாவது சந்தேகம் வர வேண்டும்.

சந்தேகப்பட்டவர்களில் ஒருவர் அமெரிக்கோ பரேடெஸ். டெக்சாஸின் எல்லை நகரமான பிரவுன்ஸ்வில்லில் 1915இல் பிறந்தவர், மெக்சிக வம்சாவளி நாட்டாரியல் அறிஞர். எல்லைப்புற மக்களின் 'கொரிடோ' கதைப்பாடல்களை ஆராய்ந்தவர். அந்தப் பாடல்களில் வீரர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்களைப் பாட 'ஆம்பளை', 'தைரியசாலி' போன்ற சொற்களே இருந்தன. 1930கள், 40களுக்கு முன் 'மாச்சோ' அகப்படவில்லை என்று அவர் காட்டினார். அந்தச் சொல் பரவ அவர் சொல்லும் காரணங்களில் ஒன்று சிரிப்பை வரவழைக்கும்: 1940இல் மெக்சிகோவின் அதிபரான மானுவல் ஆவிலா கமாச்சோவின் பெயரோடு அது இயைபாகப் பொருந்தியதாம்! மார்தட்டும் வீரம் அமெரிக்கக் கௌபாய் கதைகளிலும் நிறைய உண்டு என்பதையும் அவர் விடவில்லை.

சொல் புதிது என்பதால் வீட்டில் விழுந்த அடி பொய்யாகிவிடாது. அதற்குப் பிறகு வருவோம். முதலில், அதே 40களில் எல்லை தாண்டி வேலைக்குப் போன அப்பாக்களைப் பார்ப்போம்.

1942 முதல் 1964 வரை அமெரிக்காவும் மெக்சிகோவும் நடத்திய 'பிராசெரோ' திட்டத்தில் ஏறத்தாழ 46 லட்சம் வேலை ஒப்பந்தங்கள் போடப்பட்டன. ஆண்களுக்கு மட்டும். மனைவி, பிள்ளைகள் ஊரிலேயே இருக்க வேண்டும். உள்ளங்கை காய்த்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து ஆள் எடுத்தார்கள். துணியைக் களையச் சொல்லிச் சோதித்தார்கள், முகத்தில் டிடிடி அடித்தார்கள். 1956இல் லெனர்ட் நடேல் எடுத்த புகைப்படங்களில் இதை இன்றும் பார்க்கலாம். கலிபோர்னியா வயல்களில் கையில் கொடுத்தது குட்டைக் கைப்பிடி வைத்த களைக்கொத்து. நாள் முழுக்கக் குனிந்தே கிடக்க வேண்டும். எவன் நிமிர்ந்தாலும் மேஸ்திரிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். எத்தனையோ முதுகுகளை முறித்த அந்தக் கருவி 1975இல்தான் அங்கே தடை செய்யப்பட்டது.

நிமிர விடாமல் வைக்கப்பட்ட ஒருவன் வீட்டுக்கு வந்து யார் முன்னால் நிமிர்ந்து நிற்பான்? இந்தக் கேள்வியை நாம் கேட்டே ஆக வேண்டும். மாதக்கணக்கில் பணமாகவும் கடிதமாகவும் மட்டுமே வந்த அப்பாவைப் பார்த்து வளர்ந்த மகன், ஆண் என்றால் தூரத்தில் இருப்பவன், சம்பாதிப்பவன் என்றே புரிந்துகொண்டிருப்பான்.

ஆனால் கதை இந்த ஒரு வழியில் மட்டும் போகவில்லை. கலிபோர்னியாவில் குடியேறிய மெக்சிகோ குடும்பங்களைப் பற்றி 1994இல் நூல் எழுதிய சமூகவியலாளர் பியரெட் ஓண்டன்யூ-சொதேலோ எதிர்பாராத ஒன்றைக் கண்டார். 1965க்கு முன் வந்த ஆண்கள் பல வருடம் ஆண்கள் மட்டுமே தங்கிய குடியிருப்புகளில் காலம் தள்ளியவர்கள். சமைக்க, துவைக்க, பெருக்க வேறு ஆள் இல்லை, தாங்களே கற்றுக்கொண்டார்கள். குடும்பம் வந்து சேர்ந்த பிறகும் அவர்களில் பலர் அந்த வேலைகளை விடவில்லை. பின்னால் வந்த, வயதில் இளைய ஆண்களைவிட இவர்களே வீட்டுவேலையில் அதிகம் கைகொடுத்தார்கள். 'பழைய தலைமுறை மோசம், புதுசு முற்போக்கு' என்று நாம் போட்டு வைத்திருக்கும் கணக்கு இங்கே உதைக்கிறது.

மெக்சிகோ நகரத்தில், 1971இல் ஏழைகள் நிலத்தைக் கைப்பற்றிக் குடியேறிய சாந்தோ தொமிங்கோ பகுதியில் ஆய்வு செய்த மானுடவியலாளர் மேத்யூ கட்மன், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரியும் அப்பாக்களைப் பார்த்தார். இளைஞர்கள் அவரிடம் தாங்கள் மாச்சோவும் இல்லை, 'மந்திலோனும்' இல்லை என்றார்கள். மந்திலோன் என்றால் ஏப்ரன் கட்டியவன். நம் ஊரில் பொண்டாட்டிதாசன். இரண்டுக்கும் நடுவில் இருப்பதற்கு அவர்களிடமும் சொல் இல்லை.

இனி அந்த அடிக்கு வருவோம். 1969இல் டென்வரில் நடந்த சிக்கானோ இளைஞர் மாநாட்டில், சிக்கானா பெண்ணுக்கு விடுதலை வேண்டாம் என்று பெண்கள் அமர்வின் பெயரிலேயே அறிக்கை வாசிக்கப்பட்டது. வீட்டு வன்முறையைப் பேசியவர்களுக்கு 'துரோகி', 'வெள்ளைக்காரிகளின் பேச்சைப் பேசுகிறவள்' என்று பட்டம். இயக்க மேடைகளில் நம் தோழிகள் கேட்காத வசவு இல்லை இது. 1971இல் ஹூஸ்டனில் சுமார் 600 பெண்கள் தனி மாநாடே கூட்டினார்கள்.

டெக்சாஸின் வயல்களில் வேலை செய்து வளர்ந்த குளோரியா அன்சல்துவா 1987இல் வெளியிட்ட நூலில் இரண்டையும் சேர்த்தே பேசினார். தன் அப்பா காலத்தில் மாச்சோ என்பது குடும்பத்தைக் காப்பதும் அன்பை மறைக்காமல் காட்டுவதுமாக இருந்தது, இன்றைய மாச்சோ வெள்ளையர் ஆக்கிய உருவம் என்றார். அதே கையோடு, ஆண்களின் வெறுப்புக்கு வேர் எங்கே என்று புரிந்தாலும் இனி அதைப் பொறுக்க மாட்டோம் என்றும் எழுதினார். பெண்களைக் காயப்படுத்துகிறோம், அவர்களுக்கு அஞ்சுகிறோம் என்பதைத் தன் இனத்து ஆண்கள் தங்கள் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கேட்டார்.