அந்தோணிப்பிள்ளை, எஸ்.சி.சி.

எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை (1914–2000), இலங்கையின் வடபகுதியில் பிறந்து, சென்னையில் ஆலைத் தொழிலாளர்களுக்கும் துறைமுகத் தொழிலாளர்களுக்கும் அரை நூற்றாண்டுக்கு மேல் தலைவராக இருந்த தொழிற்சங்கவாதி. 1957 முதல் 1962 வரை வடசென்னையின் மக்களவை உறுப்பினர். சென்னையின் தொழிற்சங்க வரலாறு பி.பி. வாடியா, திரு.வி.க., சிங்காரவேலர் என்று தொடங்கி அவர்களோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அவர்கள் நட்டதை நிலைக்க வைத்த அடுத்த தலைமுறையில் அந்தோணிப்பிள்ளைக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

இளமையிலேயே லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். 1935இல் தோன்றிய அந்தக் கட்சி டிராட்ஸ்கியக் கொள்கை வழி நின்றது. அதன் முன்னோடிகளில் ஒருவரான பிலிப் குணவர்தனவின் தங்கை கரோலினை அவர் மணந்தார். யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்துக் கிறித்தவ இளைஞர், அவிசாவளைப் பக்கத்துச் சிங்களக் குடும்பத்துப் பெண். இன்று நினைத்தாலும் அபூர்வமான அந்தத் திருமணத்தை அவர்கள் சமூகச் சீர்திருத்தமாகக் காட்டிக்கொண்டதில்லை. கட்சி வேலைதான் இருவரையும் இணைத்தது. கரோலின் 1930களில் காலனிய எதிர்ப்பு இயக்கமான சூரியமல் இயக்கத்தில் பணியாற்றியவர்.

இரண்டாம் உலகப் போரை எதிர்த்ததால் கட்சி தடைசெய்யப்பட்டது. கண்டிச் சிறையிலிருந்த தலைவர்கள் 1942 ஏப்ரலில் தப்பினார்கள். அந்த ஆண்டில் பலர் கடல் கடந்து இந்தியாவுக்கு வந்து தலைமறைவாக இயங்கினார்கள். அந்தோணிப்பிள்ளை வந்து சேர்ந்தது மதுரைக்கு. அங்கிருந்து டிராட்ஸ்கியவாதிகளின் இந்திய போல்ஷ்விக் லெனினியக் கட்சியின் வேலையைச் செய்து, பிறகு சென்னைக்கு இடம் மாறினார். போர் முடிந்ததும் தோழர்களில் பெரும்பாலோர் கொழும்புக்குத் திரும்பிவிட, இவர் இங்கேயே தங்கிவிட்டார்.

1918இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் 1946இல் அவரைத் தலைவராக்கியது. பெரம்பூர் பின்னி ஆலைகளில், அதாவது பக்கிங்காம், கர்நாடிக் மில்களில், 1947 மார்ச்சில் தொடங்கி ஏறக்குறைய நூறு நாள் நீடித்த வேலைநிறுத்தம் அவர் தலைமையில்தான் நடந்தது. அவர் கைதானார். நாட்டின் விடுதலைக்குச் சில மாதங்களே இருந்த வேளையில், தேசிய இயக்கத்தின் அரசு ஒன்று தொழிலாளர் தலைவரைச் சிறைப்படுத்தியது அவர் அரசியலை மேலும் உறுதியாக்கியது. 1948இல் போல்ஷ்விக் லெனினியக் கட்சி சோஷலிஸ்ட் கட்சியோடு கலந்தது. கட்சிகள் பின்னர் உடைந்தும் சேர்ந்தும் மாறிக்கொண்டே இருந்தன. சங்கத்தில் அவர் இடம் மாறவில்லை.

ஆலைச் சங்கத்தோடு துறைமுகத்துக்கும் அவர் வந்த காலத்தில் ஹார்பர் வேலை அன்றாடங்காய்ச்சி வேலை. கப்பல் வந்தால் கூலி, வராவிட்டால் பட்டினி. காலையில் வாயிலருகே கூடும் ஆட்களில் யாரைக் கூப்பிடுவது என்பது மேஸ்திரியின் விருப்பம், கூலியில் அவருக்கு ஒரு பங்கும் உண்டு. கப்பலின் மேல் வேலை செய்பவர்கள் சரக்கு ஏற்றி இறக்கும் ஸ்டீவடோர் நிறுவனங்களின் ஆட்கள். கரையில் நிற்பவர்கள் துறைமுகப் பொறுப்புக் கழகமான போர்ட் டிரஸ்டின் ஆட்கள். வின்ச் என்ற பாரந்தூக்கியில் தொங்கி இறங்கும் சரக்குக் கட்டு தரையைத் தொடும் வரை ஒரு முதலாளி, தொட்ட பிறகு இன்னொரு முதலாளி. ஒரே மூட்டையைத் தூக்கிய இரண்டு பேருக்கு இரண்டு விதக் கூலி, இரண்டு விதப் பாதுகாப்பு. துறைமுகத்தில் ஒற்றுமை கட்டுவது ஆலையில் கட்டுவதைவிடக் கடினமாக இருந்ததற்கு இதுவே முதற்காரணம்.

இதை மாற்றியது 1948ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம். அதன்படி அரசு, முதலாளிகள், தொழிலாளர் ஆகிய மூன்று தரப்பும் அமர்ந்த வாரியங்கள் பம்பாய், கல்கத்தா, சென்னையில் 1950களின் தொடக்கத்தில் அமைந்தன. தொழிலாளர் பெயர் பதிவேட்டில் ஏறியது. முறை வைத்து வேலைக்கு அனுப்பினார்கள். வந்தும் வேலை கிடைக்காத நாளுக்கு வருகைப்படி கிடைத்தது. மேஸ்திரியின் பிடி தளர்ந்தது இப்படித்தான். ஆனால் சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. முறை தவறாமல் ஆள் போகிறதா, வேலை அளவுக்கேற்ற கூலியான பீஸ் ரேட் சரியாகக் கணக்கிடப்படுகிறதா என்று நாள்தோறும் பார்க்க ஒரு சங்கம் வேண்டும். சென்னைத் துறைமுகத் தொழிலாளர் சங்கப் பணியில் அந்தோணிப்பிள்ளையின் உழைப்பில் பெரும்பகுதி இந்தப் பரபரப்பில்லாத வேலையிலேயே கழிந்தது. என் கணிப்பில், அவர் நடத்திய எந்த வேலைநிறுத்தத்தையும்விட இதற்கே மதிப்பு அதிகம்.

பம்பாயில் பி. டிமெல்லோவும் அவரையடுத்து எஸ்.ஆர். குல்கர்னியும் வளர்த்த அகில இந்தியத் துறைமுகத் தொழிலாளர் சம்மேளனத்தில் சென்னையின் குரலாக அவர் ஒலித்தார். சம்மேளனம் ஹிந்த் மஸ்தூர் சபா என்ற தேசியத் தொழிற்சங்க மையத்தைச் சேர்ந்தது. அவர் எம்.பி.யாக இருந்தபோதே, 1958 ஜூனில், நாடு தழுவிய துறைமுக வேலைநிறுத்தம் நடந்தது. 1964இல் ஊதிய வாரியம் அமைந்தது. 1984இல் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் வரை பெருந்துறைமுகங்கள் மீண்டும் நின்றன. ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனித்தனியாகப் பேசாமல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஊதிய ஒப்பந்தம் போடும் வழக்கம் இந்தப் போராட்டங்களில் உருவானதுதான்.

அவர் அரசியல் வடசென்னையைச் சார்ந்தது. ஆனால் துறைமுகத்தின் ஆட்கள் எல்லோரும் ராயபுரம், தண்டையார்பேட்டைக்காரர்கள் அல்லர். 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய கடற்கரை–தாம்பரம் பாதையின் வடமுனை ஹார்பருக்கு நேர் எதிரே இருக்கிறது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பக்கம் குடியிருந்தவருக்கு ரயிலை விட்டு இறங்கிச் சாலையைக் கடந்தால் வேலை. மாதம் தவறாத சம்பளம் இருந்தால்தான் அப்படித் தொலைவில் குடியமர முடியும்.   

1983இல் சென்னையில் கண்டெய்னர் முனையம் திறந்தது. மூட்டை தூக்கும் கைகளின் தேவை குறைந்தது. சங்கங்கள் இயந்திரத்தைத் தடுத்து நிறுத்தும் நிலையில் இல்லை. ஆட்குறைப்பைக் கட்டாயமாக்காமல் விருப்ப ஓய்வாக மாற்றுவதிலும் ஓய்வூதியத்தைக் காப்பதிலும் கவனம் வைத்தன. இது தோல்வி என்று சொல்வோர் உண்டு. பதிவேட்டில் இருந்தவர்களை நடுத்தெருவில் விடாமல் காத்ததை நான் தோல்வியாகக் கருதவில்லை. பதிவேட்டுக்கு வெளியே ஒப்பந்தக்காரரிடம் வேலைக்கு வந்த அடுத்த தலைமுறைக்கு அந்தக் காப்பு கிட்டாமல் போனதுதான் உண்மையான இழப்பு.

அவர் தொழிலாளர்களுக்குத் தலைமையேற்ற பின்னி ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. அவர் 2000இல் சென்னையில் காலமானார். 1908இல் பிறந்த கரோலின் அவருக்குப் பின்னும் வாழ்ந்து நூறு வயதைக் கடந்தார். 1997இல் வந்த சட்டம் பெருந்துறைமுகங்களை 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து விலக்க வழிசெய்தது. அதைத் தொடர்ந்து சென்னைத் துறைமுகத் தொழிலாளர் வாரியம் துறைமுகப் பொறுப்புக் கழகத்தோடு இணைந்தது. கப்பலுக்கும் கரைக்கும் தனித்தனி முதலாளி என்ற பழைய பிரிவினை அவர் இறந்த பிறகுதான் முடிவுக்கு வந்தது.