டைனமோவைத் தோற்கடித்த டிராபிக் சிக்னல்

பழைய கார் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு கண்டிப்பாக ஒரு இடத்துக்கு வந்து நிற்கும். டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் போடலாமா, கூடாதா? "போட்டுடு, செல்ப் எடுக்காத தொல்லை போகும்" என்று ஒரு கட்சி. "கம்பெனி கொடுத்ததை மாற்றினால் அது பழைய காரே இல்லை" என்று எதிர்க்கட்சி. இந்தச் சண்டைக்குப் பின்னால் ஒரு நல்ல சரித்திரம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு யார் பக்கம் நியாயம் என்று முடிவு செய்வோம்.

டைனமோ பழசு, ஆல்டர்னேட்டர் புதுசு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மை அதற்கு நேர் எதிர். 1831-ல் மைக்கேல் பாரடே காந்தத்தை வைத்து மின்சாரம் எடுக்கலாம் என்று காட்டினார். அடுத்த வருடமே பாரிஸில் இப்போலித் பிக்ஸி கையால் சுற்றும் ஒரு இயந்திரம் செய்தார். அதில் வந்தது திசை மாறி மாறி ஓடும் ஏ.சி. மின்சாரம். அன்றைக்கு அதற்கு உபயோகம் இல்லை. ஆம்பியர் சொன்ன யோசனைப்படி கம்யூட்டேட்டர் என்ற பாகத்தைச் சேர்த்து அதை ஒரே திசையில் ஓடும் டி.சி. ஆக்கினார்கள். கார் டைனமோ அந்த வம்சத்தில் வந்ததுதான்.

காருக்கு மின்சாரம் அவசியமானது 1912-ல். அந்த வருட காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய செல்ப் ஸ்டார்ட்டர் வந்தது. கைப்பிடி போட்டுச் சுற்றும் வேலை ஒழிந்தது. ஆனால் செல்ப் எடுக்க பேட்டரி வேண்டும், பேட்டரியை சார்ஜ் செய்ய டி.சி. வேண்டும். எனவே டைனமோ சுமார் அரை நூற்றாண்டு காரில் குடியிருந்தது.

டைனமோவில் ஒரு சிக்கல் உண்டு. அதில் மின்சாரம் உற்பத்தியாவது சுற்றுகிற பாகத்தில். அவ்வளவு மின்சாரமும் கார்பன் பிரஷ் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். சுற்றுவதும் கனமான கம்பிச் சுருள். ரொம்ப வேகமாகச் சுற்றினால் சுருள் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அதனால் புல்லியைப் பெரிதாக வைத்து வேகத்தை அடக்கி வைத்தார்கள். விளைவு, என்ஜின் ஐடிலில் நிற்கும்போது டைனமோ அநேகமாக ஒன்றும் தராது. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுக்கும்.

டைனமோ சம்பளம், பேட்டரி சேமிப்புக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் ஓடினால் சம்பளம், நின்றால் லீவு. ஆனால் ஹெட்லைட், வைப்பர் எல்லாம் லீவு நாளிலும் செலவு வைக்கும். திறந்த ரோட்டில் ஓடிய காலத்தில் கணக்கு சரியாக இருந்தது. நகரங்களில் நெரிசல் வந்ததும் உதைத்தது.

இதில் முதலில் அடிபட்டவர்கள் யார் தெரியுமா? என்ஜினை ஓடவிட்டபடி மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் ரேடியோ வைத்த போலீஸ் கார்கள், ஆம்புலன்ஸ்கள். அமெரிக்காவில் இவற்றுக்கு 1950-களிலேயே ஆல்டர்னேட்டர் போட்டார்கள். ஆல்டர்னேட்டரில் மின்சாரம் உற்பத்தியாவது அசையாத பாகத்தில். சுற்றும் பாகத்துக்குச் சில ஆம்பியர் போனால் போதும். சின்ன புல்லி போட்டு வேகமாகச் சுற்றலாம், ஐடிலிலும் சார்ஜ் ஏறும். ஆனால் வருவது ஏ.சி. அதை டி.சி.யாக்க அன்று இருந்தது செலினியம் தகடுகளை அடுக்கிய பெரிய ரெக்டிபயர். சாதாரண காருக்கு அது கட்டுப்படியாகாது.

முடிச்சை அவிழ்த்தது சிலிக்கான் டயோடு. கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஆறு டயோடுகள் ஆல்டர்னேட்டருக்குள்ளேயே அடங்கின. 1960-ல் கிரைஸ்லர் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரை எல்லோருக்குமாகக் கொடுத்தது. பிக்ஸியின் யோசனை கார் வாங்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு வந்து சேர 128 வருடம் ஆயிற்று!

இங்கிலாந்து கொஞ்சம் தாமதம். 1962-ல் வந்த எம்.ஜி.பி. காரில் லூகாஸ் சி40 டைனமோ, 22 ஆம்பியர். 1967 கடைசியில் வந்த மார்க் 2 மாடலில் 34 ஆம்பியர் ஆல்டர்னேட்டர். கூடவே பாசிட்டிவ் எர்த் போய் நெகட்டிவ் எர்த் வந்தது. அதே லூகாஸ் 1961-ல் டி.வி.எஸ்.ஸுடன் கூட்டுச் சேர்ந்து சென்னை பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். தொடங்கியது. மோரிஸ் ஆக்ஸ்போர்டின் மறுபிறவியான நம்ம ஊர் அம்பாசடரும் டைனமோவோடு பிறந்ததுதான்.

இப்போது பஞ்சாயத்துக்கு வருவோம். 1964 எம்.ஜி.பி.யில் ஒருவர் ஆல்டர்னேட்டர் போட்டால், 1967-ல் ஆபிங்டன் தொழிற்சாலை செய்ததைத்தான் அவரும் செய்கிறார். சரித்திரத்தை அழிக்கிறார் என்று சொல்ல முடியாது. ஆனால் தொழிற்சாலை மாற்றிய எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். எர்த்தை மாற்றாமல் பேட்டரியை இணைத்தால் டயோடு நொடியில் போய்விடும். எர்த்தை மாற்றினால் இக்னிஷன் காயில் வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். எர்த் திசை பார்த்து வேலை செய்யும் பழைய ரேடியோ இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் வயர். 22 ஆம்பியருக்குப் போட்ட பழைய வயரில் அதைவிட இரண்டு மடங்கு ஓடினால் வயர் சூடாகும். காரே எரியலாம்.

ஞாயிறு காலை காலியான ரோட்டில் மட்டும் ஓடும் காருக்கு டைனமோ இன்றைக்கும் போதும், அது அந்த ரோட்டுக்காகச் செய்ததுதானே. இரவில், மழையில், சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் காருக்கு மாற்றுவதுதான் பாதுகாப்பு. மங்கிய ஹெட்லைட்டோடு நடுரோட்டில் நின்றுபோன காரைப் பின்னால் வரும் லாரிக்காரர் பழம்பொருள் என்று பார்த்து ஒதுங்கிப் போகமாட்டார்.

மாற்றுகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: புதிதாக ஓட்டை போடாதீர்கள், பழைய வயரை வெட்டாதீர்கள். கழற்றிய டைனமோவையும் ரெகுலேட்டர் பெட்டியையும் துணியில் சுற்றி பத்திரமாக வையுங்கள். அடுத்து அந்தக் காரை வாங்குபவர் எதிர்க்கட்சிக்காரராக இருக்கலாம் :)