செப்புக் காசுகளின் நிறமும் உலோகக் கலவையும்

பழைய செப்புக் காசுகள் சிவப்பு, மஞ்சள், பழுப்பு, பச்சை, கறுப்பு எனப் பல நிறங்களில் கிடைக்கின்றன. அக்கசாலையில் செம்போடு உருக்கிச் சேர்த்தவை ஒரு காரணம். காசு பின்னர் கிடந்த மண்ணும் ஈரமும் இன்னொரு காரணம். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் நிறத்தை மட்டும் பார்த்துக் கலவையை முடிவு செய்வது பெரும்பாலும் பிழையாகும்.

தூய செம்பு சிவந்தது. வெள்ளீயம் சேரச்சேர வெண்கலமாகி மஞ்சளை நோக்கிப் போகும். துத்தநாகம் சேர்ந்தால் பித்தளையாகிப் பொன்போல் ஒளிரும். ரோமானியர் இந்த வேறுபாட்டை வேண்டுமென்றே பயன்படுத்தினர். அகஸ்டஸ் காலச் சீர்திருத்தத்துக்குப் பின் டுபோண்டியஸ் பித்தளையிலும், அதில் பாதி மதிப்புள்ள ஆஸ் செம்பிலும் அச்சிடப்பட்டன. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு என்பதால், புதுக்காசு வாங்குபவர் நிறத்தைக் கொண்டே மதிப்பை அறியலாம்.

அந்தப் பித்தளையின் தரம் நிலைக்கவில்லை. செம்பு உருக 1,085 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். துத்தநாகமோ 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பழைய காசுகளை உருக்கி மீண்டும் அச்சிடும்போதெல்லாம் துத்தநாகம் குறைந்தது. அந்த இடத்தை வெள்ளீயமும், விலை மலிந்த ஈயமும் நிரப்பின. கரூர் அமராவதி ஆற்றுப்படுகையிலும் இலங்கையிலும் கிடைக்கும் பிற்கால ரோமானியச் சிறுகாசுகள் இந்தச் சரிவுக்குப் பிந்தியவை.

தாதுவோடு வந்த ஆர்சனிக், ஆன்டிமனி, இரும்பு போன்றவையும் பழைய செம்பில் தங்கியிருக்கும். மின்பகுப்பால் செம்பைத் தூய்மையாக்கும் முறை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வந்தது.

சில மாற்றங்கள் அரசு அறிந்தே செய்தவை. பிரிட்டன் 1860-இல் பென்னியைச் செம்பிலிருந்து வெண்கலத்துக்கு மாற்றியது: செம்பு 95, வெள்ளீயம் 4, துத்தநாகம் 1 விழுக்காடு. வெண்கலம் கடினமானது, எளிதில் தேயாது. இந்தியாவில் காலணா 1906-இல் வெண்கலமானபோது அதன் எடையும் 6.47 கிராமிலிருந்து 4.85 கிராமாகக் குறைந்தது.

மண்ணுக்குள் போன காசின் மேல் முதலில் செந்நிறக் குப்ரைட் படியும். காற்றிலும் நீரிலும் உள்ள கரியமில வாயு சேர்ந்தால் பச்சை மாலகைட் உருவாகும்; நாம் களிம்பு என்பதில் பெரும்பகுதி இதுவே. கந்தகம் பட்டால் கறுக்கும். உப்பு மண்ணில் உருவாகும் குளோரைடுகளே கொடியவை. ஈரம் பட்டதும் வெளிர்பச்சைத் தூளாகப் பொங்கி, காசை உள்ளே அரித்துக்கொண்டே போகும். அத்தகைய காசை உலர்வாகக் காக்க வேண்டும்.

அரிப்பு நிறத்தோடு நிற்பதில்லை, மேற்பரப்பின் கலவையையே மாற்றிவிடுகிறது. துத்தநாகம் கரைந்து வெளியேறும். வெள்ளீயம் ஆக்சைடாகத் தங்கிச் செறியும். எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி மேல்தோலை மட்டுமே படிப்பதால், உண்மையில் உள்ளதைவிடத் துத்தநாகம் குறைவாகவும் வெள்ளீயம் மிகுதியாகவும் காட்டக்கூடும். ஆகவே ஆய்வாளர்கள் விளிம்பில் சிறிதளவு இடத்தை மட்டும் தேய்த்து, உள்ளிருக்கும் உலோகத்தை அளக்கிறார்கள். புளி போட்டு முழுக்காசையும் பளபளவெனத் துலக்குவது வேறு: எழுத்தும் உருவமும் பல வேளைகளில் அந்தக் களிம்புப் படலத்திலேயே பதிந்திருப்பதால், அவையும் சேர்ந்தே அழிந்துபோகின்றன.